அம்மா சொல்லச் சொல்ல

ஜூன் 14

அன்புள்ள குருவிக்கு,

நீ நலமா என்று கேட்கும் உரிமை எனக்கு மிச்சம் இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டேன். பத்தொன்பது வருடம் கழித்து அக்காவின் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று பயந்துவிடாதே. போக வேண்டியவர்கள் முன்பே போய்விட்டார்கள். உன் அத்தான் போய் மூன்று வருடமாகிறது. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தவர் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டார். முப்பத்தாறு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்த எனக்கு என் வீட்டில் ஒன்றும் செய்ய முடியவில்லை. உனக்கு அப்போது எழுதவில்லை. விலாசம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தேடியிருந்தால் கிடைத்திருக்கும். இப்போது கிடைத்ததே. உன்னோடு குருமடத்தில் சாமியார் படிப்புப் படித்தாரே, அந்த நெட்டைச் சாமியார்தான் கொடுத்தார். நீ லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறாய் என்றும் அவர்தான் சொன்னார்.

எழுதுகிற காரணத்தைச் சொல்கிறேன், சிரிக்காதே. பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறேன். கத்தோலிக்க இறையியலும் பண்பாடும், இரண்டு வருடப் படிப்பு. சேர்க்கை நாளில் கவுண்டரில் இருந்த பெண் என் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பேத்தி எங்கம்மா? கையெழுத்து அவங்கதான் போடணும்" என்றாள். "பேத்தி இல்ல, நான்தான் படிக்கப் போறேன்" என்றேன். பாவம், எழுந்து நின்றுவிட்டாள். அவள் எழுந்ததைப் பார்த்து வரிசையில் நின்ற பையன்களும் ஒதுங்கி வழிவிட்டார்கள். முதல் நாளே மரியாதை செய்து என்னைக் கிழவியாக்கிவிட்டார்கள்.

வகுப்பில் இருபத்திரண்டு பேர். பாதிப் பேர் குருமடத்துப் பையன்கள். நீ அந்த வயதில் எப்படி இருந்தாயோ அப்படியே இருக்கிறார்கள்: படிய வாரிய தலை, தேய்த்த சட்டை, எந்நேரமும் பசி. நான்கு கன்னியாஸ்திரிகள். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், எனக்குப் பக்கத்து இருக்கை. பேராசிரியர் வருவதற்குள் வகுப்பில் உள்ள தலைகளை எண்ணிவிடுகிறார். "பழக்கம் சிஸ்டர், விட மாட்டேங்குது" என்கிறார். அவர் சிஸ்டர் என்று கூப்பிட்டால் ஐந்து பேர் திரும்புகிறோம்.

திருச்சபை வரலாறு படித்துவிடுவேன். கோவில் கலை பிடித்திருக்கிறது. லத்தீன்தான் உயிரை வாங்குகிறது. உன் பழைய நோட்டுகள் ஏதாவது இருந்தால் அனுப்புவாயா? பதில் போடாவிட்டால் குற்றமில்லை. போட்டால் நன்றாக இருக்கும்.

உன் அக்கா

—

ஜூலை 2

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அத்தானின் மறைவு தெரிந்து வருத்தப்பட்டேன். எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். கேரியரைப் பிடித்துக்கொண்டே வருவதாகச் சொல்லிவிட்டுத் தெருமுனையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். நான் விழவில்லை.

நோட்டுகள் இல்லை. குருத்துவத்தை விட்டுப் பங்குக் கோவிலிலிருந்து வந்தபோது ஒரு பெட்டிதான் எடுத்து வந்தேன். அதில் நோட்டுகளுக்கு இடமில்லை.

நீங்கள் கேள்விப்பட்டது சரிதான், லிஃப்ட் வேலை. பதினெட்டு வருடமாகிறது. "அப்பவும் ஆளுங்கள மேல அனுப்புற வேலை, இப்பவும் அதே வேலை. இப்ப திரும்ப இறக்கியும் விடுறாரு" என்று என் மனைவி எல்லாரிடமும் சொல்வாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் டீச்சர் என்றே கூப்பிடுகிறேன். ஒரு மகள், பதினாறு வயது.

லத்தீனுக்கு ஒரு வழி சொல்கிறேன். அதில் ஆறு வேற்றுமை. தமிழில் எட்டு. எட்டையும் யோசிக்காமல் தினமும் பேசுகிறவர் ஆறைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று நம் உருபுகளை ஒரு பக்கம் எழுதி, எதிரே அவர்களுடையதை எழுதுங்கள். பாதி பொருந்தும். பொருந்தாத பாதியை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. நான் அப்படித்தான் தேறினேன்.

அந்த வீட்டிலிருந்து எனக்குக் கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
தங்கள் தம்பி

—

ஜூலை 21

என் குருவிக்கு,

மதிப்பிற்குரிய, உங்கள், தங்கள். என்னைப் பிடித்து ஆயர் இல்லத்தில் பிஷப்பின் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாய். நான் தலைவாரிவிட்ட பையன் நீ. சரி, கோபம் இருக்கும். இருக்கட்டும். டீச்சருக்கும் மகளுக்கும் என் அன்பைச் சொல். சொல்ல மனமிருந்தால் சொல்.

உன் வேற்றுமை வைத்தியம் வேலை செய்கிறது. முதல் தேர்வில் இருபதுக்கு ஆறு, இரண்டாவதில் பதின்மூன்று. கண்டக்டர் என் தாளைப் பார்த்து எழுதிக்கொண்டு, "ஒரு டிக்கெட்ல ரெண்டு பேரு போறோம் சிஸ்டர்" என்றார்.

கோவில் கலை எடுப்பவர் ஒரு சின்னப் பெண். எனக்குக் குழந்தை பிறந்திருந்தால் அவள் வயது இருக்கும். போன வாரம் எங்களை ஒரு பழைய கோவிலுக்குக் கூட்டிப்போனாள். எல்லாரும் விதானத்துச் சித்திரங்களைப் பார்க்கத் தலையைத் தூக்கினோம். "மேல அப்புறம் பாக்கலாம், முதல்ல கீழ பாருங்க" என்றாள். முழங்கால் போடும் பலகைகளைக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டாகக் குழி. "இதுவும் இறையியல்தான். இத யாரும் எழுதல, முட்டி போட்டுத் தேச்சிருக்காங்க" என்றாள். நான் ஒரு குழியில் கையை வைத்துப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. பிரசவ வார்டுக் கட்டில்களில் பெண்கள் பிடித்துப் பிடித்துப் பெயின்ட் போன கம்பிகள் ஞாபகம் வந்தன.

அதன் பிறகு அவள் கொடுத்த வேலை: 'உங்கள் வீட்டில் செபம் எப்படி இருந்தது', நான்கு பக்கம். உட்கார்ந்தால் எழுத்து தானாக வந்தது. சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னால் அம்மா பாயை விரிப்பாள். செபமாலை மூன்றாம் பத்துக்கு வரும்போது உன் தலை என் தோளில் சாயும். அம்மா செபத்தை நிறுத்தாமலே குரலை மட்டும் உயர்த்துவாள். நீ திடுக்கிட்டு எழுந்து, எந்த இடம் என்று தெரியாமல் "ஆமென்" என்பாய். அப்பா முதற்கொண்டு எல்லாரும் சிரிப்போம். அம்மா சிரிக்க மாட்டாள். பிறகு சமையலறைக்குள் போய்ச் சிரிப்பாள். எனக்குக் கேட்கும்.

நீ பூசை விளையாட்டு விளையாடியதையும் எழுதினேன். ஆறு வயது உனக்கு. போர்வை அங்கி, எவர்சில்வர் டம்ளர், வட்ட பிஸ்கட். துணி மடித்துக்கொண்டிருந்த நான்தான் ஜனங்கள். "கோவில் நெறைய ஆளு இருக்காங்கன்னு நெனச்சுக்கணும்" என்று உத்தரவு போடுவாய். பிரசங்கம் எப்போதும் ஒன்றுதான்: "எல்லாரும் நல்லா இருங்க. பிஸ்கட் பத்தலன்னா அம்மாகிட்ட கேளுங்க." அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முழங்கால் போட்டு, கை குவித்து, அந்த பிஸ்கட்டை வாங்கிக்கொள்வாள். அவள் முகத்தில் விளையாட்டு இருக்காது. அன்றைக்கே உன்னைச் சாமியாராகப் பார்த்துவிட்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

இருபதுக்குப் பதினெட்டு போட்டாள் அந்தப் பெண். ஓரத்தில், 'அம்மாவைப் பற்றி இன்னும் எழுதுங்கள்' என்று எழுதியிருக்கிறாள். எழுத வரவில்லை.

உன் அக்கா

—

ஆகஸ்ட் 19

அக்கா,

உன் கடிதத்தை மூன்று நாள் கருவிப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறையில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் திரும்பத் திரும்பப் படித்தேன். எண்ணெய்க் கறை பட்டுவிட்டது. வீட்டில் மகளிடம் பூசை விளையாட்டைச் சொன்னேன். "பிஸ்கட்ட கடைசியில யாருப்பா சாப்பிடுவாங்க?" என்று கேட்டாள். நான்தான் என்று சொன்னேன். நீயும் பங்கு வாங்குவாய் என்று ஞாபகம்.

நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். நான் டீச்சருக்காகத்தான் குருத்துவத்தை விட்டேன் என்று என் பங்குக் கோவிலில் எல்லாரும் பேசினார்கள். அது பாதி உண்மை. ஞாயிற்றுக்கிழமை மூன்று பூசை, இரண்டு ஞானஸ்நானம், ஒரு அடக்கம். எல்லார் வீட்டு நல்லது கெட்டதிலும் நின்றுவிட்டு வந்து கதவைத் திறந்தால் மேசையில் ஒரே ஒரு தட்டு மூடி வைத்திருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் பிரசங்கத்தின் நடுவில் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. இதை நம்பிச் சொல்கிறேனா, அல்லது அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேனா? அன்றைக்குப் பிறகு பீடத்தில் நிற்கும்போதெல்லாம் கால் கூசியது. முறைப்படி விண்ணப்பம் எழுதி, அனுமதி வந்த பிறகுதான் கல்யாணம் செய்தேன். கடவுளை விட்டு வரவில்லை. இன்றும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். கடைசி வரிசை.

இதையெல்லாம் அப்போதே அம்மாவுக்கு எழுதினேன், நான்கு பக்கம். பதில் உன் கையெழுத்தில் இரண்டு வரி வந்தது. 'அம்மா உன்னைப் பார்க்க விரும்பவில்லை. இங்கே வராதே.' அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

உன்னிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. அம்மா நான்கு பக்கத்தையும் படித்தாளா? கண் சரியில்லை, நீ படித்துக் காட்டியிருப்பாய். முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் அப்படிச் சொன்னாளா, பாதியிலேயே போதும் என்றாளா? எங்கே உட்கார்ந்திருந்தாள்? இவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

குருவி

—

செப்டம்பர் 28

அன்புள்ள குருவிக்கு,

பருவத் தேர்வு முடிந்தது. லத்தீன் தேறிவிடுவேன். திருச்சபை வரலாற்றில் திருச்சங்கங்களின் வருடங்களை மாற்றி எழுதிவிட்டேன். முழங்கால் வலி அதிகமாகியிருக்கிறது, மாடி வகுப்புக்கு மெதுவாக ஏறுகிறேன். கண்டக்டர் படிக்கட்டில் எனக்கு முன்னால் போய்க்கொண்டே, "வழி விடுங்க, வழி விடுங்க" என்கிறார். அவர் மனைவி ஒரு நாள் எல்லாருக்கும் எலுமிச்சை சாறு கொடுத்தனுப்பினார். மகள் என்ன படிக்கிறாள்? அவளுக்கு ஒரு பேனா வாங்கி வைத்திருக்கிறேன். குடையைக் கோவிலில் மறந்துவிட்டு நனைந்துகொண்டே வந்ததில் இரண்டு நாள் காய்ச்சல், இப்போது சரியாகிவிட்டது. மற்றவை பிறகு.

அக்கா

—

அக்டோபர் 9

அக்கா,

கேட்டதற்குப் பதில் இல்லை.

குருவி

—

நவம்பர் 4

குருவி,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது. இதை எப்படியும் தபாலில் போட்டுவிடுவேன்.

அறநெறி வகுப்பு எடுப்பவர் ஒரு வயதான சாமியார். கை நடுங்கும். சாக்பீஸைப் பிடித்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு எழுதுவார். போன செவ்வாய்க்கிழமை பாவசங்கீர்த்தனத்தைப் பற்றிப் பாடம். மனம் வருந்துவது, வாய்விட்டுச் சொல்வது, செய்ததற்கு ஈடு செய்வது என்று மூன்றையும் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினார். "கடிகாரத்தத் திருடினவன் வந்து மன்னிப்பு கேக்கறான். அழறான். மன்னிச்சாச்சு. கடிகாரம் இன்னும் அவன் கையிலதான் ஓடிட்டிருக்கு. என்ன செய்யலாம்?" என்று கேட்டார். கண்டக்டர் சட்டென்று, "கழட்டிக் குடுக்கச் சொல்லுங்க ஃபாதர்" என்றார். வகுப்பே சிரித்தது. நான் எழுந்து வெளியே போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அம்மா உன் கடிதத்தைப் படிக்கவில்லை. ஒரு வரிகூட.

நான் வேலை முடிந்து வரும்போது தபால்காரர் வாசலில் கொடுத்தார். நின்றபடியே நான்கு பக்கத்தையும் படித்தேன். சீருடைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். "யாரு தபால்?" என்றாள் அம்மா. "குருவிதாம்மா. வெளிநாட்டு மிஷனுக்கு அனுப்புறாங்களாம். கிளம்பிட்டானாம்" என்றேன். முன்கூட்டி யோசித்துச் சொன்னதல்ல. வாயில் வந்துவிட்டது. அன்றைக்கே உட்கார்ந்து உனக்கு அந்த இரண்டு வரியையும் எழுதினேன். அம்மா அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அது நான்.

அவள் இதயம் தாங்காது என்று எனக்குக் காரணம் சொல்லிக்கொண்டேன். நர்ஸ் சொன்னால் நர்ஸே நம்பிவிடுவாள். உண்மை அது மட்டுமல்ல. ஆஸ்பத்திரியிலும் கோவிலிலும் நான் 'சாமியாரோட அக்கா'. என் கையில் எத்தனையோ குழந்தைகள் பிறந்தன, எனக்கு ஒன்று பிறக்கவில்லை. அதை யாரும் என் காதுபடப் பேசாமல் இருந்ததற்கு நீதான் காரணம். சாமியாரின் அக்காவை யார் என்ன சொல்வார்கள்? அந்தப் பெயர் கையை விட்டுப் போவதைத் தாங்க என்னால் முடியவில்லை.

இதோடு நிற்கவில்லை. ஒரு மாதம் கழித்து அம்மா, "அவன் ஏன் எழுதல?" என்றாள். எழுதினேன். உன் பெயரில். பதினான்கு மாதத்தில் ஒன்பது கடிதம். நானே எழுதி, நானே உறையில் போட்டு, நானே பிரித்துப் படித்துக் காட்டினேன். அவற்றைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். பிறகு, "பதில் சொல்றேன், எழுது" என்பாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதியது பதினொன்று. உனக்கு எழுதியவை. ஒன்றும் தபாலுக்குப் போகவில்லை. என் துணி அலமாரியில், பழைய சீருடைகளுக்கு அடியில் இருக்கின்றன.

மூன்று சாமியார்களிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். மூன்று பேரும் நல்லவர்கள். செபம் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். கனம் குறையவில்லை. மன்னிப்புக் கிடைத்த பிறகும் ஏன் குறையவில்லை என்று எந்தப் புத்தகத்திலாவது இருக்கும் என்றுதான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன். உன் நோட்டுகளைக் கேட்டது ஒரு சாக்கு.

அந்தப் பதினொன்றும் உன்னுடையவை. கேட்டால் அனுப்புகிறேன். கேட்காமல் அனுப்பினால் உன் தலையில் கொட்டியது போல் ஆகிவிடும்.

அக்கா

—

ஜனவரி 10

குருவி,

இரண்டு மாதமாகிவிட்டது. தபால்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை மிதிக்கிறார், தப்பு செய்தது அவர் போல.

அடுத்த பருவம் தொடங்கிவிட்டது. கோவில் கலை ஆசிரியை, ஆய்வுக் கட்டுரைக்கு வீட்டுச் செபத்தையே எடுத்துக்கொள்ளச் சொன்னாள். முடியாது என்றேன். கோவில் மணிகளைப் பற்றி எழுதுகிறேன். எந்த மணி எதற்கு அடிக்கும் என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதுகிறேன். மணி எதையும் ஒளிப்பதில்லை, நல்லதானாலும் கெட்டதானாலும் ஊருக்கே சொல்லிவிடுகிறது.

திட்டியாவது எழுது. அதுவும் முடியாவிட்டால், படித்தேன் என்று ஒரு சொல் போதும்.

அக்கா

—

பிப்ரவரி 5

அக்கா,

படித்தேன்.

கோபம் என்ற சொல் போதவில்லை. இரண்டு மாதம் வேலையில் கவனமில்லை. ஒரு லிஃப்டின் கதவுச் சென்சாரைத் தப்பாகப் பூட்டிவிட்டுத் திரும்பப் போய்ச் சரியாக மாட்டினேன். பதினெட்டு வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

அம்மாவின் அடக்கத்துக்கு நான் வந்திருந்தேன். உனக்குத் தெரியாது. நெட்டை சொல்லி அனுப்பினான். வீட்டுக்கு எதிர்ப்பக்கம் தையல்கடை வாசலில் நின்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது ஓடிவந்து ஒரு மூலையைப் பிடிக்கலாம் என்று கால் துடித்தது. அம்மா விரும்பாத இடத்தில் கால் வைக்கக் கூடாது என்று நின்றுவிட்டேன். தெருவைக் கடக்க இருபது அடி இருக்குமா? அந்த இருபது அடியை நான் பதினெட்டு வருடமாகக் கடந்துகொண்டிருக்கிறேன்.

மகள் பிறந்தபோது அம்மாவின் பெயரை வைக்க ஆசைப்பட்டேன். அவளுக்குப் பிடிக்காது என்று வேறு பெயர் வைத்தேன். இதற்கு எப்படி ஈடு செய்வாய்? உங்கள் வகுப்பில் கேட்டுப் பார்.

உனக்குப் பதிலே போடக் கூடாது என்றுதான் இருந்தேன். டீச்சர்தான், "உங்க அம்மாவுக்கு உங்க மேல கோபமே இல்லையாமே. அத முதல்ல எடுத்துக்குங்க. அக்கா மேல இருக்கிற கோபம் எங்கயும் ஓடிடாது, அப்புறம் வச்சுக்கலாம்" என்றாள்.

அனுப்பு. பதினொன்றையும்.

குருவி

—

பிப்ரவரி 14

குருவி,

பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். வரிசையாக எண் போட்டிருக்கிறேன். மூன்றாவதில் மை சிந்தியது என் கைதான், அம்மா சிரிக்க வைத்துவிட்டாள்.

நீ நின்றதை நான் பார்த்தேன். பச்சை நிறச் சட்டை. மெலிந்திருந்தாய். கூப்பிட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தலையைத் திருப்பிக்கொண்டேன். இதை எந்தச் சாமியாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

பதினொன்றாவது கடிதத்தில் ஒரு வரி குறைகிறது. அதையும் கொடுத்துவிடுகிறேன். அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். எல்லாம் சொல்லி முடித்து, நான் மடிக்கப் போகும்போது, "இரு. கடைசியா இத எழுது" என்றாள். "நீ சாமியாரா இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. வீட்டுக்கு வந்தா அம்மா கதவத் திறப்பேன்." இதுதான் அவள் சொன்னது. எழுதினால் நீ குருத்துவத்தை விட்டது அவளுக்குத் தெரியும் என்பதை நான் ஒப்புக்கொண்டதாகிவிடும். பேனாவைத் திருப்பிப் பிடித்துக் காகிதத்தின் மேல் வெறுமனே ஓட்டினேன், சத்தம் மட்டும் கேட்கட்டும் என்று.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேம்மா."

"வாசி."

எழுதாத வரியை வாசித்துக் காட்டினேன். "ம்" என்றாள். ஆறு நாள் கழித்துப் போய்விட்டாள்.

அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும், யார் சொன்னார்கள், என் ஒன்பது கடிதங்களையும் எனக்காகத்தான் நம்புவது போல் கேட்டுக்கொண்டிருந்தாளா? எனக்குத் தெரியாது. இனி யாரிடம் கேட்பது? அந்த ஒன்பதையும் இதோடு அனுப்பவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஈடு செய்வதைப் பற்றி வகுப்பில் கேட்டேன், உன் பெயரைச் சொல்லாமல். வயதான சாமியார் சாக்பீஸைக் கீழே வைத்தார். "திருப்பிக் குடுக்க முடிஞ்சதக் குடுக்கணும். முடியாததுக்கு முன்னாடி, முடியாதுன்னு சொல்லிக்கிட்டு நிக்கணும்" என்றார். நிற்கிறேன்.

அக்கா

—

மார்ச் 30

அக்கா,

பதினொன்றும் வந்தன. ஒரே மூச்சில் படித்துவிடக் கூடாது என்று டீச்சர் வாங்கி வைத்துக்கொண்டாள். தினம் ஒன்று, சாயங்காலம் மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து படித்தோம். மகள்தான் உரக்கப் படித்தாள். அவள் வாயில் அம்மாவின் பேச்சைக் கேட்க வினோதமாக இருந்தது. அங்கே கொசு உண்டா, வெந்நீர் போட்டுத் தருவார்களா, ஆயரிடம் வாய் கொடுக்காதே, அங்கியில் பித்தான் அறுந்தால் அப்படியே நிற்காதே. ஐந்தாவதில், பிரசங்கத்தைச் சுருக்கமாகச் சொல், ஜனங்களுக்கு வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் என்கிறாள். மகள் சிரித்து, படிக்க முடியாமல் என்னிடம் கொடுத்துவிட்டாள். பாட்டி இவ்வளவு பேசுவாள் என்று எனக்கு ஏன் சொல்லவில்லை என்று சண்டை போடுகிறாள். கோபமாக இருந்த ஒரு பாட்டியைத்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

நான்காவதில் உன்னைப் பற்றி இருக்கிறது. 'உன் அக்கா வேலையே கதியாகக் கிடக்கிறாள். சாப்பிடுவதே இல்லை. எல்லாரையும் பார்த்துக்கொள்கிறாள், அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. எனக்குப் பிறகு நீ அவளை விட்டுவிடாதே.' அம்மா சொல்லச் சொல்ல இதை உன் கையாலேயே எழுதியிருக்கிறாய், ஒரு சொல் விடாமல். எழுதும்போது என்ன நினைத்தாய் என்று கேட்க ஆசையாக இருக்கிறது. கடிதத்தில் வேண்டாம்.

பதினொன்றாவதில், கீழே விட்டிருந்த இடத்தில் அந்த வரியை நான் எழுதிச் சேர்த்துவிட்டேன்.

மன்னித்தேன் என்று எழுத வரவில்லை. வராததை எழுதினால் நானும் உன்னைப் போல் ஆகிவிடுவேன். ஒரு நாள் வரலாம், வராமலும் போகலாம். தையல்கடை எதிர்ப்பட்டால் இன்றைக்கும் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறேன். அதற்காக உன்னை அந்த வீட்டில் தனியாக விட்டுவைக்க அம்மா என்னிடம் சொல்லவில்லையே.

தேர்வு முடிந்ததும் வா. பஸ் நிலையத்துக்கு நான் வருகிறேன். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, முழங்காலுக்குப் பயப்படாதே. மகளின் அறையில் இன்னொரு கட்டில் போட்டாயிற்று. டீச்சர் நேரடியாகப் பேசுகிறவள், முதல் நாள் கொஞ்சம் கடுமையாகவே பேசுவாள். கேட்டுக்கொள். நானும் இரண்டொரு முறை எழுந்து வெளியே போய்விடுவேன். அதற்கெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது.

வரும்போது நீ என் பெயரில் எழுதிய அந்த ஒன்பதையும் கொண்டு வா. டீச்சர் வேண்டாம் என்கிறாள். எனக்கு வேண்டும். இதுவரை பதில்களை மட்டும்தான் படித்திருக்கிறேன். அம்மாவுக்கு நான் என்ன எழுதினேன் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

குருவி